மூன்றாவது ரோலர் பெஞ்ச் வாங்கலாமா? சோதனைப் பகுதியின் வேகத்தைக் கூட்ட சிமுலேஷன் எவ்வளவு தூரம் உதவும்?

கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். ஒரு கார் ஆலையில் ஃபைனல் அசெம்பிளி லைன் மணிக்கு 40 வண்டி இறக்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் எல்லாச் சோதனையும் முடிந்து ஓகே ஆகி யார்டுக்கு (வண்டி நிறுத்தும் வெளியிடம்) போவது மணிக்கு 33 வண்டிதான். ரோலர் பெஞ்ச், அதாவது வண்டியை உருளைகள் மேல் நிறுத்தி ஓட்டி பிரேக் முதலியவற்றைச் சோதிக்கும் மேடை, இரண்டு இருக்கிறது. ஒரு வண்டிக்குச் சோதனை நேரம் 150 விநாடி, பெஞ்ச் 95 சதவீத நேரம் ஓடும் நிலையில் இருக்கிறது, நூற்றுக்கு 12 வண்டி மறுசோதனைக்கு வருகிறது, ஷிஃப்டுக்கு 12 டிரைவர்கள். நிர்வாகம் மூன்றாவது பெஞ்ச் வாங்கலாம் என்கிறது. எக்செல் கணக்கோ இருக்கிற இரண்டே போதும் என்கிறது. சிமுலேஷன் செய்து தருகிறோம் என்று ஒரு நிறுவனம் வந்து நிற்கிறது. அந்தச் செலவு தேவையா?

உண்மையில் நீங்கள் கேட்பது, தினமும் மணிக்கு 7 வண்டி எங்கே தொலைகிறது என்பதை. பெஞ்ச் வாங்குவதா வேண்டாமா என்பது அதற்குப் பிறகு வருகிற முடிவு. நீங்கள் கொடுத்த எண்களோடு ஒரு சிறு மதிப்பீட்டையும் சேர்த்துச் சொன்னால், அந்த ஏழில் மூன்றைக் காகிதமும் பேனாவும் கண்டுபிடித்துவிடும். மீதி நான்குக்குத்தான் சிமுலேஷன் வேண்டும். காகிதக் கணக்கை முடிக்காமல் நேராக சிமுலேஷனில் இறங்குகிறவர்கள், தெரிந்த விடையையே பெரிய செலவில் மறுபடி வாங்குகிறார்கள்.

வாகனத் துறையில் சிமுலேஷன் என்ற பெயரில் பல வேலைகள் நடக்கின்றன. கார் மோதினால் எப்படி நசுங்கும் என்று கணினியில் பார்ப்பது ஒன்று, கண்ட்ரோல் யூனிட்டை மேசையில் வைத்து வண்டி ஓடுவதுபோல் ஏமாற்றிச் சோதிப்பது இன்னொன்று. உங்களுக்கு வேண்டியது இவை இரண்டுமில்லை. வண்டிகள் ஸ்டேஷன் ஸ்டேஷனாக நகர்வதையும், காத்திருப்பதையும், பழுதில் நிற்பதையும், திரும்பி வருவதையும் நிகழ்வு நிகழ்வாக ஓட்டிப் பார்க்கும் தனிநிகழ்வு சிமுலேஷன் உங்களுக்குத் தேவை. ‘வண்டி பெஞ்சில் ஏறியது’, ‘சோதனை முடிந்தது’, ‘முன்னே இடமில்லை’ என்று கடிகாரம் ஒரு நிகழ்விலிருந்து அடுத்த நிகழ்வுக்குத் தாவும். ஒரு மாத உற்பத்தியைச் சில நிமிடங்களில் ஓட்டிவிடலாம்.

முதலில் காகிதக் கணக்கு. 150 விநாடி, இரண்டு பெஞ்ச். அப்படியானால் 75 விநாடிக்கு ஒரு வண்டி, மணிக்கு 48. உங்கள் எக்செல் இந்த இடத்தில் நின்றுவிட்டது என்று நினைக்கிறேன். முடிந்த வண்டி இறங்கி, அடுத்தது ஏறி, சக்கரங்கள் ரோலரில் சரியாக உட்கார்ந்து, ஓபிடி பிளக் (வண்டியின் கணினியைச் சோதனைக் கருவியோடு இணைப்பது) செருகுகிற வரை அந்தப் பெஞ்ச் யாருக்கும் பயன்படாது. அதற்கு 15 விநாடி வைக்கிறேன். இது குறைவான மதிப்புதான், நீங்கள் நேரில் அளந்துகொள்ளுங்கள். 165 விநாடி ஆகிறது. இரண்டு பெஞ்சுக்கு 82.5 விநாடிக்கு ஒன்று, மணிக்கு 43.6. அடுத்து மறுசோதனை. நூறு வண்டி ஓகே ஆக, பெஞ்சுக்கு 112 முறை வண்டி ஏறுகிறது. ஆகவே ஓகே வண்டி ஒன்றுக்கு 92.4 விநாடி, மணிக்கு 39. பெஞ்ச் நூற்றில் 5 பங்கு நேரம் பழுதில் கிடக்கிறது என்றால் 97.3 விநாடி, மணிக்கு 37. நாற்பது ஏற்கெனவே கைக்கு எட்டாமல் போய்விட்டது, வரிசை, காத்திருப்பு எதையும் இன்னும் கணக்கில் எடுக்காமலேயே.

இந்தக் கணக்கை அப்படியே ரோலருக்கு முன்னும் பின்னும் உள்ள எல்லா ஸ்டேஷன்களுக்கும் போடுங்கள்: வீல் அலைன்மென்ட், ஹெட்லைட் செட்டிங், கேமரா மற்றும் ரேடார் கேலிப்ரேஷன், ஷவர் டெஸ்ட் (தண்ணீர் அடித்துக் கசிவு பார்ப்பது), டெஸ்ட் டிராக். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். லைன் உண்மையிலேயே 40 இறக்குகிறதா? லைன் நின்ற நேரத்தை இரண்டாகப் பிரியுங்கள். லைனின் சொந்தக் கோளாறால் நின்றது ஒரு பக்கம்; முன்னே இடமில்லாமல் சோதனைப் பகுதி மறித்ததால் நின்றது மறு பக்கம். இரண்டாவது கணக்குதான் நீங்கள் சோதனைப் பகுதியைத் திருத்தி மீட்கக்கூடிய அதிகபட்சம். முதல் வகையில் மணிக்கு 2 வண்டி போகிறது என்றால், சோதனைப் பகுதியில் என்ன செய்தாலும் 38-ஐத் தாண்டப் போவதில்லை.

37 எப்படி 33 ஆகிறது? ஸ்டேஷன்கள் ஒன்றையொன்று பாதிப்பதால். அலைன்மென்டில் ஒரு வண்டியின் டை ராட் நட் (சக்கரக் கோணத்தைச் சரிசெய்யத் திருகும் நட்) இறுகிப்போய் 170 விநாடி வேலை 400 விநாடி ஆகிறது என்று வையுங்கள். இடையில் இரண்டு வண்டி நிற்கத்தான் இடம் என்றால், அந்த இரண்டும் தீர்ந்ததும் ரோலர் வெறுமனே நிற்கும். அப்படி இழந்த நேரத்தை ரோலர் பிறகு ஈடுகட்ட முடியாது. ஏற்கெனவே அதற்கு 40-க்கு 37 என்ற பற்றாக்குறை. எதிர்ப்பக்கம், ஷவர் டெஸ்ட் வாசலில் வண்டி நின்றால், சோதனை முடிந்த கார் பெஞ்சைவிட்டு இறங்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்திருக்கும். சராசரிகளை மட்டும் வைத்துப் போடும் எந்த எக்செல்லும் இந்த இரண்டையும் காட்டாது. ஒற்றை பெஞ்சுக்கு முன்னால் சராசரிக் காத்திருப்பு, பெஞ்சின் உபயோகப் பங்கை மீதிப் பங்கால் வகுத்த எண்ணைப் பொறுத்து ஏறும் என்பது கணிதவியலாளர் கிங்மேன் 1961-இல் தந்த சூத்திரம். 80 சதவீத உபயோகத்தில் அந்த எண் 4, 90-இல் 9, 95-இல் 19. இதோடு நேர ஏற்றத்தாழ்வும் பெருக்கப்படும். ‘பெஞ்சை 95 சதவீதம் ஓட்டுகிறோம்’ என்பது பெருமையாகச் சொல்லப்படுகிற பல இடங்களில், வாசலில் வண்டிகள் மலைபோல் நிற்பதற்குக் காரணமே அதுதான்.

பழுது பற்றிய எண்ணிலும் ஒரு பொறி இருக்கிறது. 19 நிமிடம் ஓடி 1 நிமிடம் நிற்கும் பெஞ்சும் 95 சதவீதம். 19 மணி நேரம் ஓடி 1 மணி நேரம் நிற்கும் பெஞ்சும் 95 சதவீதம். ஒரே பெஞ்ச் உள்ள லைனில் முன்னால் 6 வண்டிக்கு இடம் இருந்தால், 90 விநாடிக்கு ஒரு வண்டி என்ற வேகத்தில் 9 நிமிட நிறுத்தத்தை அது தாங்கும். முதல் வகைப் பெஞ்சின் பழுதை லைன் உணரவே உணராது. இரண்டாவது வகைப் பெஞ்ச் நின்றால் பத்தாவது நிமிடமே மறிக்கத் தொடங்கி, சிறிது நேரத்தில் அசெம்பிளி லைனின் கடைசி ஸ்டேஷன் வரை நிற்கும். அதனால் மெயின்டனன்ஸிடம் சதவீதம் மட்டும் கேட்காதீர்கள். ஒவ்வொரு நிறுத்தமும் எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்ற பட்டியலை மூன்று மாதத்துக்காவது வாங்குங்கள். 5 நிமிடத்துக்குக் குறைந்த நிறுத்தங்களைப் பதிவேட்டில் எழுதாத வழக்கம் பரவலாக உண்டு. அவற்றை பிஎல்சி (எந்திரத்தை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) பதிவிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

தரவு என்று வரும்போது எல்லோரும் இடறுகிற இடம் சைக்கிள் டைம், அதாவது ஒரு வண்டிக்கு ஒரு ஸ்டேஷனில் ஆகும் வேலை நேரம். எம்இஎஸ் (உற்பத்தியைக் கண்காணிக்கும் மென்பொருள்) பதிவில் ‘ஸ்டேஷன் உள்ளே’, ‘ஸ்டேஷன் வெளியே’ என்று இரண்டு நேரம் இருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து அதையே வேலை நேரம் என்று மாடலில் போட்டுவிடுகிறார்கள். சோதனை முடிந்த பிறகு முன்னே இடமில்லாமல் கார் 70 விநாடி பெஞ்சிலேயே காத்திருந்தது என்றால் அதுவும் அந்த எண்ணுக்குள் சேர்ந்துவிடுகிறது. மாடல் தானாகவும் மறிப்பைக் கணக்கிடும். ஆக ஒரே இழப்பு இரண்டு முறை ஏறி, மணிக்கு 33 என்று வரவேண்டியது 27 என்று வரும். உடனே யாராவது ‘சரிசெய்கிறேன்’ என்று பழுது எண்களைக் குறைத்து 33-க்குக் கொண்டுவருவார்கள். விடை பொருந்திவிடும், காரணம் தப்பாக இருக்கும். அந்த மாடலிடம் மூன்றாவது பெஞ்ச் பற்றிக் கேட்டால் அது சொல்லும் பதிலுக்கு மதிப்பே இல்லை. சரியான வழி, ரோலர் பெஞ்ச் கம்ப்யூட்டரிலேயே இருக்கும் சோதனைத் தொடக்கம், சோதனை முடிவு நேரங்களை எடுப்பது. ஏறி இறங்கும் நேரத்தை இரண்டு ஷிஃப்ட், பகலில் ஒன்றும் இரவில் ஒன்றும், ஸ்டாப்வாட்ச் வைத்துத் தனியாக அளந்து சேர்ப்பது. டிரைவர் வராமல் வண்டி நின்ற நேரத்தையும் வேலை நேரத்தில் சேர்க்கக் கூடாது. அதை அட்டவணையில் தனி நெடுவரிசையில் எழுதுங்கள். பிறகு அதுவே பெரிய விஷயமாக வரும்.

அளந்த நேரங்களைச் சராசரியாகச் சுருக்கிவிடாமல் அப்படியே பயன்படுத்துங்கள். சில நூறு அளவீடுகள் கையில் இருந்தால் அந்தப் பரவலையே மாடலுக்குள் கொடுத்துவிடலாம். சூத்திரத்தில் அடக்க வேண்டிய அவசியமில்லை. சூத்திரம்தான் வேண்டுமென்றால் நார்மல் பரவலை (இருபுறமும் சமமான மணி வடிவம்) தவிர்க்கலாம். அது சில சமயம் எதிர்மறை நேரத்தைக்கூடத் தரும், மனித வேலையில் வலப்பக்கம் நீளும் வாலையும் காட்டாது. வலப்பக்கம் வால் நீளும் லாக்நார்மல் பரவல் பெரும்பாலும் நன்றாகப் பொருந்தும். பழுதுக்கு இடைப்பட்ட நேரத்துக்கு எக்ஸ்பொனென்ஷியல், பழுது நீக்கும் நேரத்துக்கு எர்லாங் என்ற பரவல்கள் என்பது வழக்கமான தொடக்கம். பழுதுக் கடிகாரம் எந்த நேரத்தைக் கணக்கிடுகிறது என்பதையும் பாருங்கள். பெஞ்ச் ஓடும்போதுதான் தேய்கிறது. சாப்பாட்டு இடைவேளையிலும் கடிகாரம் ஓடும்படி விட்டால், யாரும் இல்லாத நேரத்தில் பெஞ்ச் பழுதாகி யாரும் இல்லாத நேரத்திலேயே சரியாகிவிடும். இழப்பு குறைத்துக் காட்டப்படும்.

மறுசோதனை விகிதத்தை நூற்றுக்கு 12 என்று கொடுத்து, ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியாகக் காசு சுண்டுவதுபோல் மாடல் முடிவெடுக்கும்படி விட்டால் அதுவும் தவறு. உண்மையில் ஃபெயில்கள் கூட்டமாக வரும். பிரேக் ஆயில் நிரப்பும் எந்திரத்தில் வெற்றிடம் சரியாக வராவிட்டால் அடுத்த ஒரு மணி நேர வண்டிகள் பலவற்றில் குழாயில் காற்று நின்று பெடல் பஞ்சாக இருக்கும். ஒரு தொகுதி சென்சார் மோசமாக வந்தால் அன்று முழுக்க அதே கோளாறு. சராசரி 12 என்றாலும், ஒரு நாள் 5-ம் மறுநாள் 25-ம் ஆக வந்தால் ரீவொர்க் (ஃபெயில் ஆன வண்டியைச் சரிசெய்யும்) இடம் நிரம்பி வழிவது அந்த 25 வந்த நாளில்தான். மணிவாரியான ஃபெயில் எண்ணிக்கையை எடுத்து, கூட்டமாக வருவதை மாடலில் அப்படியே காட்டுங்கள். உண்மையான தேதிகளின் வரிசையையே ஓட்டிப் பார்ப்பது எளிய வழி.

இனி டிரைவர்கள். என் மதிப்பீட்டில், சோதனைப் பகுதியில் அதிகமாகக் கவனிக்காமல் விடப்படும் வளம் இதுதான், ஏனென்றால் லேஅவுட் வரைபடத்தில் பெஞ்ச் இருக்கும், மனிதர் இருக்க மாட்டார். ரோலரைவிட்டு இறக்கி, ஷவருக்குள் விட்டு, டிராக்கில் ஓட்டி, யார்டில் நிறுத்த ஒருவருக்கு 14 நிமிடம் ஆகிறது என்று கொள்வோம். மணிக்கு 40 வண்டிக்கு 9.3 பேர், 12 பேர் தாராளம் என்று தோன்றும். ஆனால் அவர் யார்டிலிருந்து திரும்பி நடந்து வரவேண்டும். 400 மீட்டர் என்றால் 5 நிமிடம். ஒரு சுற்று 19 நிமிடம் ஆகிவிடுகிறது. 12 பேர் ஒரு நிமிடம்கூட நிற்காமல் சுற்றினாலும் மணிக்கு 37.9 வண்டிதான். தேநீர் இடைவேளையும் ஷிஃப்ட் மாற்றமும் சேர்ந்தால் அதற்கும் கீழே. மூன்றாவது பெஞ்சை நாளைக்கே கொண்டுவந்து நிறுத்தினாலும் இந்த வரம்பு அசையாது. திரும்பிவர ஒரு சிறிய வேன் ஓடி, 5 நிமிடம் 2 ஆனால் சுற்று 16 நிமிடம். அதே 12 பேர் 45 வரை தாங்குவார்கள். வேனுக்காகக் காத்திருக்கும் நேரமும் உண்டே என்பீர்கள். அது எவ்வளவு என்பதுதான் சிமுலேஷனிடம் கேட்க வேண்டிய கேள்வி: வேன் 5 நிமிடத்துக்கு ஒருமுறையா, நாலு பேர் சேர்ந்ததும் கிளம்புவதா, டிரைவரைப் பகுதி வாரியாகப் பிரிப்பதா, ஒரே ஆள் கடைசி வரை ஓட்டுவதா.

மறுசோதனை எங்கிருந்து வருகிறது என்பதையும் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். ரோலரில் டிரைவர், திரை சொல்கிறபடி வேகத்தை ஏற்றிப் பிடித்து, விட்டு, பிரேக் அழுத்துகிறார். ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக் விசை, இடது வலது வித்தியாசம், ஏபிஎஸ் சென்சார் நான்கும், ஸ்பீடோமீட்டர், ரிவர்ஸ், ஹேண்ட் பிரேக் எல்லாம் பதிவாகின்றன. ஃபெயில் ஆனவற்றைக் கோளாறு வாரியாகப் பிரித்தால் இரண்டு குவியல் வரும். ஒன்று வண்டியின் உண்மைக் கோளாறு: குழாயில் காற்று, மாற்றிச் செருகிய சென்சார் கனெக்டர், இறுக்கம் தவறிய ஹேண்ட் பிரேக் கேபிள். மற்றொன்று வண்டியில் குறையே இல்லாத ஃபெயில்: திரை கேட்ட வேகத்தை டிரைவர் குறித்த விநாடிக்குள் பிடிக்காதது, தேய்ந்த ஓபிடி பிளக்கில் தொடர்பு அறுந்தது, டயர் காற்று கூடக்குறைய இருந்தது, புதிய பிரேக் பேட் இன்னும் படியாததால் முதல் அழுத்தலில் விசை குறைந்தது. மறுமுறை ஓட்டியதும் எதையும் தொடாமலே பாஸ் ஆனவற்றை எண்ணினால் இந்த இரண்டாவது குவியலின் அளவு தெரிந்துவிடும். 12-ஐ 4 ஆக்கினால் என்ன ஆகும் என்று மேலே உள்ள காகிதக் கணக்கில் போட்டுப் பாருங்கள்: 82.5 விநாடி, 104 வருகை, 95 சதவீதம், 90.3 விநாடி, மணிக்கு 39.9. ஒரு ஓபிடி பிளக்கை வாரம் ஒருமுறை மாற்றுவதும் திரையில் கொடுக்கும் அவகாசத்தைச் சரிசெய்வதும் ஒரு பெஞ்சின் விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

ரீவொர்க் முடிந்த வண்டி எங்கே திரும்ப நுழைகிறது என்பது மாடலில் சரியாக இருக்க வேண்டும். பிரேக்கைத் தொட்ட வண்டி ரோலருக்கு மட்டும் வந்தால் போதும். சஸ்பென்ஷனையோ ஸ்டியரிங்கையோ தொட்ட வண்டி அலைன்மென்ட் முதல் மறுபடி வர வேண்டும். டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே வெளியே திரும்பியிருக்கும் கோணம்) மாறினால் வண்டியின் நேர்கோடு மாறும், அதை வைத்துச் செட் செய்த கேமரா, ரேடார் கேலிப்ரேஷனும் திரும்பச் செய்ய வேண்டும். ஆக ஒரு ஃபெயில் சில சமயம் மூன்று ஸ்டேஷன்களின் நேரத்தைத் தின்கிறது. புது வண்டிக்கும் திரும்பி வந்த வண்டிக்கும் யாருக்கு முன்னுரிமை என்பதும் அப்படியே. திரும்பியதை முன்னே விட்டால் லைன் மறிக்கும்; புதியதையே விட்டுக்கொண்டிருந்தால் ரீவொர்க் யார்டு வீங்கும், ஷிஃப்ட் முடிவில் ஓகே எண்ணிக்கை குறையும். ‘யார்டில் 25 தாண்டினால் இரண்டுக்கு ஒன்று திரும்பியதை விடு’ போன்ற விதிகளைத் தரையில் முயன்று பார்க்க வாரக்கணக்கில் ஆகும், உற்பத்தியும் பாதிக்கும். இதுபோன்ற விதிகளை ஒப்பிடுவதில் சிமுலேஷனுக்கு நிகரான கருவி கிடையாது. ஒரு பைசா முதலீடு இல்லாமல் வண்டி கூடும் இடமும் இதுதான்.

எந்த மென்பொருள் என்பது இரண்டாம்பட்சம். சீமென்ஸின் பிளான்ட் சிமுலேஷன் கார் ஆலைகளில் பரவலாக ஓடுகிறது. ஜெர்மன் வாகனத் துறைச் சங்கமான விடிஏ-வின் குழுவே அதற்குப் பொதுவான கார் ஆலைத் தொகுப்பு ஒன்றை உருவாக்கி வைத்திருக்கிறது. அரீனா, விட்னஸ், எனிலாஜிக், ஃப்ளெக்ஸ்சிம் எல்லாமும் இந்த வேலைக்குப் போதும். பைத்தான் தெரிந்தவர் உங்கள் குழுவில் இருந்தால் சிம்பை என்ற பைத்தான் தொகுப்பு இலவசம். உங்கள் அளவு மாடலைச் சில நூறு வரியில் எழுதிவிடலாம். ஜாம்சிம் என்ற இலவசக் கருவியில் படமாகவும் பார்க்கலாம். முப்பரிமாண அனிமேஷனுக்குத் தனியாகப் பணம் கொடுக்காதீர்கள். தட்டையான படமே சூப்பர்வைசர்களுக்குப் போதும். அவர்களிடம் அதைக் காட்டாமல் விடவும் கூடாது, ‘இந்த வண்டி இப்படித் திரும்பாதே’ என்று முதல் ஐந்து நிமிடத்தில் அவர்கள்தான் சொல்வார்கள். நேரத்தில் பாதிக்கு மேல் தரவு சேகரிப்பதற்கே போகும் என்று திட்டமிடுங்கள்.

மாடல் ஓடியதும் வரும் முதல் எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள். காலியான யார்டோடு தொடங்கும் மாடல் ஆரம்பத்தில் பொய்யாக நன்றாக ஓடும். உங்கள் சோதனைப் பகுதியில் எப்போதும் 120 வண்டி நிற்கிறது, மணிக்கு 33 வெளியேறுகிறது என்றால், லிட்டில் விதிப்படி (உள்ளே நிற்கும் எண்ணிக்கையை வெளியேறும் வேகத்தால் வகுப்பது) ஒரு வண்டி உள்ளே சராசரியாக 3 மணி 38 நிமிடம் இருக்கிறது. அந்த நிலை உருவாகும்வரை உள்ள ஓட்டத்தைக் கழித்துவிட்டுத்தான் எண்ண வேண்டும். அதே 3 மணி 38 நிமிடம் சரிபார்ப்புக்கும் உதவும்: மாடலில் மணிக்கு 33 சரியாக வந்து, உள்ளே 60 வண்டிதான் நிற்கிறது என்றால் எங்கோ தவறு. மணிவாரி எண்ணிக்கையின் ஏற்ற இறக்கம், ஒவ்வொரு ஸ்டேஷனும் மறிக்கப்பட்ட நேரம், வெறுமனே நின்ற நேரம் ஆகியவையும் உண்மையோடு ஒத்துவர வேண்டும். மணிவாரி எண்ணிக்கையில் 3 முதல் 5 சதவீத வித்தியாசத்துக்குள் வந்தால் நான் ஏற்றுக்கொள்வேன்.

பிறகு வெவ்வேறு தற்செயல் எண்களோடு குறைந்தது 10 முறை ஓட்டுங்கள். பத்து ஓட்டங்களின் திட்ட விலக்கம் (முடிவுகள் சிதறும் அளவு) 0.8 வண்டி என்றால், 95 சதவீத நம்பிக்கையில் சராசரியின் பிழை எல்லை, பத்து ஓட்டங்களுக்குப் புள்ளியியல் அட்டவணை தரும் 2.262-ஐ 0.8-ஆல் பெருக்கி 10-இன் வர்க்கமூலத்தால் வகுத்தது, அதாவது கூடக்குறைய 0.57. இந்த நிலையில் ‘வேன் விட்டால் 0.4 வண்டி கூடுகிறது’ என்று அறிக்கை எழுதுவது ஆதாரமற்றது. இரண்டு யோசனைகளையும் ஒரே பழுதுகள், ஒரே ஃபெயில்கள் வரும்படி ஜோடியாக ஓட்டி, வித்தியாசத்தை மட்டும் எடுத்தால் பிழை எல்லை பெரும்பாலும் நன்றாகச் சுருங்கும். அப்படியும் போதாவிட்டால் 30 முறை ஓட்டலாம், கணினி நேரம்தானே.

இடுக்கு, அதாவது மொத்த ஓட்டத்தையும் இழுத்துப் பிடிக்கும் இடம், எங்கே என்று கண்டுபிடிக்க, உபயோகம் அதிகமுள்ள ஸ்டேஷனைக் கைகாட்டுவது எப்போதும் சரியாகாது. வண்டி இடுக்குக்கு வருமுன் கடக்கும் ஸ்டேஷன்கள் மறிக்கப்பட்டு நிற்கும், அதைத் தாண்டியபின் வருபவை வெறுமனே நிற்கும். அந்தத் திருப்பம் எந்த இடத்தில் என்று பாருங்கள். டொயோட்டாவின் மத்திய ஆராய்ச்சிக்கூடத்தில் ரோசர், நகானோ, தனகா ஆகியோர் 2000-களின் தொடக்கத்தில் தந்த முறை, எந்த ஸ்டேஷன் இடையறாமல் நீண்ட நேரம் இயங்குகிறது என்பதை நிமிடத்துக்கு நிமிடம் பார்க்கிறது. காலையில் அலைன்மென்ட், பிற்பகலில் டிரைவர், இரவில் ரீவொர்க் என்று இடுக்கு நகர்வதை அது காட்டும். எளிமையாகச் செய்ய வேண்டுமானால் மாடலில் ஒவ்வொரு ஸ்டேஷனின் நேரத்தையும் தனித்தனியாக 5 சதவீதம் குறைத்து, எதில் மொத்தம் ஏறுகிறது என்று பாருங்கள். இந்த வகைப் பகுப்பாய்வால் பலன் உண்டா என்ற சந்தேகம் நிர்வாகத்துக்கு இருந்தால் ஜெனரல் மோட்டார்ஸைச் சொல்லலாம்: ஆலைகளின் உற்பத்தி வேகத்தைக் கூட்ட அவர்கள் உருவாக்கிய பகுப்பாய்வு முறைகளுக்கு 2005-இல் செயல்பாட்டு ஆய்வுத் துறையின் எடெல்மேன் பரிசு கிடைத்தது, 210 கோடி டாலருக்கு மேல் மிச்சமும் கூடுதல் வருவாயும் ஆவணப்படுத்தப்பட்டன. அங்கேயும் அடித்தளம், தளத்திலிருந்து தானாகச் சேகரிக்கப்பட்ட பழுது மற்றும் நேரத் தரவுதான்.

எது உறுதி, எது உறுதியில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நீங்கள் தந்த எண்களும் நான் வைத்த 15 விநாடியும் சரியென்றால் ரோலர் இரண்டும் 37-க்கு மேல் தராது என்பது வெறும் பெருக்கல் வகுத்தல். அதில் சந்தேகம் இல்லை. 14 நிமிடமும் 5 நிமிடமும் உங்கள் தளத்தில் உண்மையென்றால் டிரைவர் வரம்பும் அப்படியே. 37-க்கும் 33-க்கும் இடைப்பட்ட நான்கு வண்டியில் அலைன்மென்ட் எவ்வளவு, டிரைவர் எவ்வளவு, இடப் பற்றாக்குறை எவ்வளவு என்பது மாடல் சொல்லும்வரை ஊகம்தான். மாடலும் சிலவற்றைச் சரியாகச் சொல்லாது. வரிசை நீண்டால் மனிதர்கள் வேகமாக வேலை செய்வார்கள், ஷிஃப்ட் முடியும் நேரத்தில் ஒரு படியைத் தாண்டிப் போவார்கள். அளந்த நேரங்களில் அது பாதிதான் பதிவாகியிருக்கும். புதிய மாடல் வண்டி வரும்போது முதல் சில வாரங்களின் ஃபெயில் விகிதத்தை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது; அங்கே 10, 20, 30 என்று மூன்று நிலைகளுக்கும் ஓட்டி எதில் உடைகிறது என்று பார்ப்பதே நியாயமான பயன்பாடு. எலெக்ட்ரிக் வண்டி கலந்து வரப்போகிறது என்றால் உயர் மின்னழுத்தக் காப்புச் சோதனையும், டிராக்குக்குப் போகச் சார்ஜ் இருக்கிறதா என்பதும் புதிதாகச் சேரும். பழைய நேரங்களை அவற்றுக்குப் பொருத்தக் கூடாது.

மூன்றாவது பெஞ்ச் வாங்கினால் ரோலரின் கொள்ளளவு அதே கணக்கில் மணிக்கு 55 ஆகும். டிரைவர் வரம்பு 37.9 என்று நிற்கும்போது அந்த 55-ஆல் உங்களுக்குப் பெரிய பயன் இல்லை. ஆகவே நான் பரிந்துரைக்கும் வரிசை: இரண்டு வாரம் தொடாமலே பாஸ் ஆன மறுசோதனைகளை எண்ணிக் குறைக்கப் பாருங்கள், அதே இரண்டு வாரத்தில் டிரைவர் சுற்று நேரத்தையும் ஏறி இறங்கும் நேரத்தையும் அளந்துகொள்ளுங்கள், பிறகு அந்தத் தரவோடு மாடல் செய்து, வேன், முன்னுரிமை விதி, அலைன்மென்டுக்கும் ரோலருக்கும் நடுவே கூடுதலாக மூன்று வண்டிக்கு இடம், மூன்றாவது பெஞ்ச் என்ற நான்கையும் தனியாகவும் சேர்த்தும் ஓட்டுங்கள். வந்திருக்கும் நிறுவனத்திடம் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டியவை: நீங்களே எண்களை மாற்றி ஓட்டக்கூடிய மாடல் கோப்பு, உள்ளீடுகள் எல்லாம் ஒரே அட்டவணையில், ஒவ்வொரு ஓட்டத்தின் தனித்தனி முடிவு, உண்மை எண்களோடு ஒப்பிட்ட தாள். வெறும் அனிமேஷன் வீடியோவும் அறிக்கையும் மட்டும் தருகிறோம் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். ஆறு மாதத்தில் வண்டிக் கலவை மாறும்போது உள்ளீட்டு அட்டவணையை யார் புதுப்பிப்பது என்று உங்கள் பக்கம் ஒரு பெயரை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.